சேலத்துப் பிள்ளைக்கு ஓவியப் படிப்பு: சென்னையா, கும்பகோணமா, மாமல்லபுரமா, உள்ளூர் விஸ்காமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் என் போன் ஓயாது. அஸ்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு நடத்துகிறவனுக்கு வருஷத்தில் ஒரு வாரம் கிடைக்கிற மரியாதை அது. இந்த முறை முதல் அழைப்பு ஏற்காட்டிலிருந்து. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற அம்மா.

"சார், பாப்பா ஃபைன் ஆர்ட்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குது. அவங்கப்பா கீழ டவுன்லயே விஸ்காம்ல போட்டுடலாம்ங்கறாரு. எங்கண்ணன் பையன் மெட்ராஸ்னா மெட்ராஸ்ங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

ஒரு வார்த்தையில் அடங்காது. (விஸ்காம் என்பது விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்.) அந்த அம்மாவுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் படித்த கல்லூரி எது என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் தராசு ஒரு பக்கம் சாயும்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" இந்தப் படிப்பில் அது கடைசிக் கேள்வி. அரசு கவின்கலைக் கல்லூரிகளின் கட்டணம், ஒரு தனியார் கல்லூரியின் பருவக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. பணம் வேறு வழியில் போகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் முதலில் பார்ப்பது ஸ்டுடியோ நேரம். வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளையின் கையில் பென்சிலோ பிரஷ்ஷோ உளியோ இருக்கும்? வகுப்பு முடிந்த பிறகும் ஸ்டுடியோ திறந்திருக்குமா, நாலு மணிக்கு வாட்ச்மேன் பூட்டிவிடுவாரா? நேரில் போய் விசாரிக்க வேண்டிய விஷயம் இது. எந்தக் கையேட்டிலும் அச்சாகாது.

அடுத்தது தியரி. இதைப் பிள்ளைகளே மதிப்பதில்லை. "கைவேலை வந்தா போதும் சார், தியரி பாஸ் மார்க்குக்குத்தானே" என்பார்கள். என் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் மலை வரையச் சொன்னால் என்ன வரும் தெரியுமா? இரண்டு முக்கோணம், நடுவில் அரைச் சூரியன், கீழே ஒரு ஆறு, V மாதிரி நாலு காக்கை. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே சேர்வராயன் மலை நிற்கிறது. அதற்குக் கூர்முனையே கிடையாது. உச்சி தட்டையாக, இடமிருந்து வலமாக நீண்டு கிடக்கும், மேலே மேகம் உட்கார்ந்திருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலையை விட்டுவிட்டு, பார்க்காத மலையைக் கை வரைகிறது. முக்கோணத்தை அழித்துவிட்டுக் கண்ணெதிரே இருப்பதை வரையப் பழக்குவது ஸ்டுடியோ. அந்த முக்கோணம் கைக்குள் எப்படி வந்தது, யார் எந்தக் காலத்தில் மலையை எப்படி வரைந்தார்கள், சீனாக்காரன் ஏன் மலையடியை மேகத்தால் மறைத்தான் என்று கேட்க வைப்பது தியரி. ஒன்று இல்லாமல் மற்றது நொண்டும்.

நான் இறுதியாண்டு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொண்டேன். நாலடி அகலத்தில் பெரிய லேண்ட்ஸ்கேப். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரொம்ப நேரம் பார்த்தார். "அடிவானத்தை ஏன் இவ்வளவு மேலே வச்சீங்க?" என்று ஒரே கேள்வி. பதில் இருந்தது, கைக்குத் தெரிந்திருந்தது, வாய்க்கு வரவில்லை. "நல்லாருக்கும்னு வச்சேன் சார்" என்றேன். அவர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

மூன்றாவது, பக்கத்து ஸ்டூலில் யார்? வாத்தியார் சொல்லிக் கற்றது பாதி, பக்கத்தில் உட்கார்ந்து தன்னைவிட நன்றாக வரைகிறவனைப் பார்த்து ராத்திரி தூக்கம் கெட்டுக் கற்றது பாதி. நான்காவது, மறைச்செலவு. ஐந்தாவது, பட்டத்துக்குப் பின் எந்தக் கதவு திறக்கும், எது சாத்தப்படும் என்பது.

## சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி இது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சென்ட்ரலிலிருந்து கூப்பிடு தூரம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ்.பணிக்கர் 1966இல் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசு அந்த முயற்சியைத் தாங்கியது. படம் விற்காத காலத்தில் ஓவியன் எதைத் தின்பான் என்ற கேள்விக்கு அவர்கள் அப்போதே ஒரு பதில் வைத்திருந்தார்கள்.

படிப்பு பி.எஃப்.ஏ., அதாவது கவின்கலை இளங்கலைப் பட்டம், நாலு வருஷம். வண்ண ஓவியம், சிற்பம், அச்சோவியம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு, சுடுமண், ஜவுளி என்று பிரிவுகள். நம் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் விடுவது ஜவுளிப் பிரிவை. அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ தறிச்சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு பார்டர், முந்தி, பாவு, ஊடை எல்லாம் வீட்டுப் பேச்சு. மற்றவர்கள் முதல் வருஷம் முழுக்கக் கற்பதை அது கூடவே கொண்டுபோகிறது. ஆனால் "பெயின்டிங்தான் பெருமை" என்று எல்லாரும் அந்த வரிசையிலேயே நிற்கிறார்கள்.

இங்கே பக்கத்து ஸ்டூல் பலம். மாநிலம் முழுவதிலிருந்தும் கை தேர்ந்தவர்கள் வருகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகள் நடக்கிற தூரம். லலித் கலா அகாடமியின் மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில். தியரிப் பரீட்சைக்கு முந்தின நாள் சோழர் வெண்கலத்தை நேரில் பார்த்துவிட்டுப் போய் எழுதலாம். பிரிண்ட் எடுத்த மங்கல் படத்தைப் பார்த்து எழுதுகிறவனுக்கும் இவனுக்கும் விடைத்தாளிலேயே வித்தியாசம் தெரியும்.

மறைச்செலவு என்றால் முதலில் அறை வாடகை. அடுத்தது ஆபத்தானது, வெளிவேலை. இரண்டாம் வருஷத்திலேயே ஹோட்டல் சுவர், சினிமா செட், கல்யாண மேடை என்று வேலை தேடி வரும். ராத்திரி வேலை, கையில் காசு, காலையில் ஸ்டுடியோவில் தூக்கம். வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளையைத் திட்டவும் முடியாது. அப்படி நாலாம் வருஷம் படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

யாருக்கு: கூட்டத்தில் தொலையாத பிள்ளைக்கு. ஓவியத்தின் எந்தப் பக்கம் போவது என்று இன்னும் தெரியாதவருக்கும் இதுதான். அத்தனை பிரிவையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். வீடு எட்டாத தூரத்தில் இல்லை.

## கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி

அதே பி.எஃப்.ஏ., அதே நாலு வருஷம், பிரிவுகள் குறைவு. சென்னையும் இதுவும் 2013இல் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, எனவே பட்டத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. "அது செகண்ட் சாய்ஸ்தானே சார்" என்று இதைத் தள்ளுவதுதான் எனக்குப் பொறுக்காது.

அவுட்டோர் என்று ஸ்கெட்ச் போர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் பக்கத்திலேயே தாராசுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில், சக்கரம் வைத்த மண்டபம், விரல் நீளச் சிற்பங்கள். இன்னொரு பக்கம் சுவாமிமலை. அங்கே ஸ்தபதி மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூளையில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவதை எட்டி நின்று பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் ஒரு பஸ் தூரம். அதன் உள்சுற்றுச் சுவரில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டார். ஒரு படத்துக்குள் இன்னொரு படம் என்பதை இந்த ஊர்ப் பிள்ளை வகுப்பில் கேட்பதற்கு முன்னே சுவரில் பார்த்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. இன்று ஓவியர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டும் கேலரிகள் இங்கே கிடையாது. கோயிலையே நாலு வருஷம் வரைந்து, அதை ஓவியம் என்று நம்பி வெளியே வருகிற ஆபத்து உண்டு. அதற்கு மாற்று ரயில் டிக்கெட்தான். வருஷத்துக்கு இரண்டு முறையாவது சென்னைக் கண்காட்சிக்குப் போய்வர வேண்டும், கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் வருஷம் அங்கேயும். அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள். அறை வாடகையில் மிச்சமாவது அதற்குப் போதும்.

யாருக்கு: அமைதியாக, மெதுவாக வேலை செய்கிற பிள்ளைக்கு. முதல் தடவையாக வீட்டைப் பிரிகிறவருக்கு.

## மாமல்லபுரம்

இதைப் பலர் மேலே சொன்ன இரண்டோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். இது வேறு உலகம். 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கல்லூரி, மரபுக் கலைக்கென்றே இருப்பது. கல், சுதை, மரம், உலோகம், மரபு ஓவியம், கோயில் கட்டடக்கலை. குமரிக்கடலில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி இங்கே முதல்வராக இருந்தவர்.

இங்கே தியரி தனிப் புத்தகமாக வராது, அளவுநூல் பிடிக்கும்போதே வரும். தாளமானம் என்பது உருவத்துக்கான அளவுமுறை. அதில் உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 பங்கு. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை. கை தானாக ஓடக்கூடாது, அளவுக்குள் ஓட வேண்டும். "என் மனசுக்குத் தோணினதை வரையணும்" என்று துடிக்கிற பிள்ளையை இங்கே அனுப்பினால் ஆறு மாதத்தில் மூச்சுமுட்டி விடும். ஒழுங்கு பிடித்த பிள்ளைக்கோ சொர்க்கம். வேலை வாய்ப்பைப் பார்த்தால் எல்லாவற்றிலும் இதுதான் திடம் என்பேன். திருப்பணி நிற்காத நாடு இது. கடல் கடந்தும் கோயில் கட்டுகிறார்கள். மறைச்செலவு உடம்பு: கல்தூசி, வெயில், முதுகு. முகமூடி போடாமல் கல் கொத்துவதை வீரம் என்று நினைக்க வேண்டாம்.

## சேலத்திலேயே விஸ்காம்

மூன்று வருஷ பி.எஸ்சி. வீட்டுச் சாப்பாடு, டவுன் பஸ். கேமரா, எடிட்டிங், போஸ்டர், அனிமேஷன், விளம்பரம். இதைக் கேவலமாகப் பேசும் ஓவியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1935இல் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்த ஊர் இது. காட்சியைக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு டிசைன் போட இன்று கம்ப்யூட்டர் தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள்.

ஆனால் இது ஓவியப் படிப்பு இல்லை. வாரத்துக்குச் சில மணி நேரம் டிராயிங் இருக்கும், அதுவும் முதல் வருஷத்தோடு போகும். தியரி என்பது ஊடகம், தொடர்பியல். சித்தன்னவாசல் ஓவியமும் வராது, பிரெஞ்சு ஓவியர் செஸானும் வரமாட்டார். பின்னால் மனம் மாறி எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைக்குப் போக நினைத்தால், பெரும்பாலான இடங்களில் பி.எஃப்.ஏ. அல்லது அதற்கு இணையான பட்டம் கேட்பார்கள். அந்தக் கதவு சாத்தப்படுவதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை. செலவும் குறைவல்ல. பருவக் கட்டணம் போக நல்ல லேப்டாப், கேமரா, லென்ஸ், குறும்படம் எடுக்க ஆகும் செலவு எல்லாம் சேர்த்தால் சென்னை விடுதிச் செலவைத் தொட்டுவிடும்.

யாருக்கு: நோட்டின் ஓரத்தில் படம் போடுகிறவருக்கு இல்லை, போனில் ஒரே காட்சியைப் பத்துக் கோணத்தில் எடுத்து வெட்டி ஒட்டுகிறவருக்கு. வீட்டுச் சூழ்நிலையால் ஊரை விட்டு நகரவே முடியாதவருக்கும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை ஓவியத்துக்கு எழுதிவைத்துவிட வேண்டும்.

## மாநிலம் தாண்டினால்

புதுவையின் பாரதியார் பல்கலைக்கூடம் நல்ல இடம், ஆனால் இடங்களில் முன்னுரிமை புதுச்சேரிக்காரர்களுக்கு. பெங்களூரு சித்ரகலா பரிஷத் நமக்கு பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். கட்டணம் நம் அரசுக் கல்லூரிகளைவிடக் கூடுதல், கேலரிச் சூழல் அருமை.

குஜராத்தில் இருக்கும் பரோடா பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஸ்டுடியோவும் கலை வரலாறும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே நடக்க வேண்டும் என்று வடிவமைத்த கல்லூரி அது. அங்கே ஆசிரியராக இருந்த ஓவியர் கே.ஜி.சுப்பிரமணியன் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டுச் சாந்திநிகேதனுக்கு ஓவியம் கற்கப் போனவர். வரைவதும் எழுதுவதும் அவருக்கு ஒரே வேலை. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வருஷம் ஆங்கில விரிவுரையும் இந்திப் பேச்சும் கசக்கும். ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும், தீபாவளிக்கு வர முடியாது. என் யோசனை, நாலு வருஷம் இங்கே முடித்துவிட்டு முதுகலைக்கு அங்கேயோ 1919இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலாபவனத்துக்கோ போவது. பதினேழு வயதில் போனால் பாதி நாள் ஏக்கத்தில் போகும்.

## ஒரே பார்வையில்

| | சென்னை | கும்பகோணம் | மாமல்லபுரம் | சேலம் விஸ்காம் |
|---|---|---|---|---|
| படிப்பு | பி.எஃப்.ஏ., 4 வருஷம் | பி.எஃப்.ஏ., 4 வருஷம் | மரபுச் சிற்பம், ஓவியத்தில் பி.எஃப்.ஏ., 4 வருஷம் | பி.எஸ்சி., 3 வருஷம் |
| கைவேலை | நிறைய, பிரிவுகளும் நிறைய | நிறைய, பிரிவு குறைவு | மிக நிறைய, அளவுக்குள் | குறைவு, திரையில் அதிகம் |
| தியரி | கலை வரலாறு. அருங்காட்சியகம் அருகில் | கலை வரலாறு. கோயில் அருகில் | சிற்பநூல், தாளமானம் | ஊடகவியல் |
| மறைச்செலவு | வாடகை, வெளிவேலை ஆசை | கண்காட்சிப் பயணம் | உடல்நலம் | லேப்டாப், கேமரா |
| எம்.எஃப்.ஏ. | திறந்த கதவு | திறந்த கதவு | மரபு வழியில் எளிது | பெரும்பாலும் சாத்திய கதவு |

## எங்கே போனாலும் ஆகும் செலவு

பேப்பர், கலர், கேன்வாஸ். ஆயில் பெயின்டிங் தொடங்கினால் வெள்ளை டியூப் மற்றதைவிட மும்மடங்கு வேகத்தில் தீரும். பெரிய டியூபாகவே வாங்குங்கள். 22க்கு 30 அங்குலக் கைக்காகிதம் வாங்க எப்போதும் சீனியரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், எந்தக் கடையில் குறைவு என்று அவர்களுக்குத்தான் தெரியும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன். அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் கலர் வாங்க விட்டுவிட்டால் பெரிய உதவி.

வேலை பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "டிராயிங் வாத்தியார் ஆயிடலாம்ல சார்" என்று எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தார்கள், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். அதை நம்பி நாலு வருஷம் படிக்க வேண்டாம். கல்லூரி வாத்தியார் வேலைக்கு முதுகலையோடு பெரும்பாலும் காட்சிக்கலையில் நெட் என்ற தகுதித் தேர்வின் தேர்ச்சியும் வேண்டும். அந்தத் தேர்வில் தூரிகை கிடையாது, முழுக்கத் தியரி. பாஸ் மார்க் போதும் என்று திரிந்தவர்கள் அங்கேதான் வந்து முட்டுகிறார்கள், முப்பது வயதில்.

## ஏற்காட்டுப் பெண்ணுக்கு என்ன சொன்னேன்

மார்க் ஷீட் வேண்டாம், ஸ்கெட்ச் புக்கைக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் மூன்று பேரும் மலையிறங்கி வந்தார்கள். முதல் பத்துப் பக்கம் நடிகர்கள், போட்டோ பார்த்துக் கட்டம் போட்டு வரைந்தது. நுழைவுத் தேர்வில் முன்னால் பானையும் துணியும் வைத்தால் இந்தப் பழக்கம் உதவாது. பேசாமல் புரட்டினேன். அப்புறம் காப்பிக்கொட்டை காயும் களம். பெண்கள் குனிந்து சொத்தை பொறுக்குகிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அதே களம். முதுகு முடிந்திருக்கிறது, முக்காடு முடிந்திருக்கிறது, கைகள் மட்டும் நாலைந்து கோடாக நிற்கின்றன.

"கையை ஏன்மா விட்டுட்டே?"

"அது நிக்கவே மாட்டேங்குது சார்."

விஸ்காம் வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் அப்போதே சொல்லிவிட்டேன். சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொன்னேன். இரண்டிலும் கிடைத்தால் கும்பகோணம் என்றேன். அண்ணன் பையனுக்கு வருத்தம்தான். அப்பாவோ கல்லூரியைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. திருச்சி வழியாகப் போனால் எத்தனை பஸ் மாற வேண்டும், லேடீஸ் ஹாஸ்டலில் இட்லி எப்படி இருக்கும் என்று கேட்டார்.

தேர்வு வரைக்கும் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் ராமன் ஒரு தூணில், வாலி ஒரு தூணில். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி பக்கம் நின்றால் ராமன் தெரியமாட்டான். இரண்டு இடத்திலும் உட்கார்ந்து வரைய வேண்டும். சிற்பி எதை எங்கே வைத்து இதைச் சாதித்தான் என்று படத்துக்குக் கீழே நாலு வரி எழுத வேண்டும். படம் இரண்டும் வந்துவிட்டன. நாலு வரி இன்னும் வரவில்லை.